கழுத்து நாடி அடைபடின்: மூளைக்குக் குருதி செல்லும் மாற்று வழிகள்

மனிதனுடைய உடலெடையில் மூளையின் எடை நூற்றுக்கு 2 பங்கு அளவினதே. ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் நூற்றுக்கு 15 பங்கும், உடல் முழுவதும் செலவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் அதற்கே சென்று சேர்கின்றன. நிமிடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் குருதி, அதாவது ஒரு போத்தல் நிறையும் அளவு, கழுத்தின் வழியே மேலேறிக்கொண்டிருத்தல் வேண்டும். மூளை நாளைக்கென்று எதனையும் சேமித்து வைக்கும் உறுப்பன்று. வரத்து முற்றாக நின்றுவிடின் பத்து விநாடி அளவில் அறிவு மயங்கும்; சில நிமிடங்களில் நரம்புக் கலங்கள் இறக்கத் தொடங்கும்.

இத்துணைத் தேவையுடைய உறுப்புக்குக் குருதி கொணரும் நாடிகளுள் ஒன்று அடைபட்டால் மரணமோ பாரிசவாதமோ திண்ணம் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. கழுத்திலுள்ள முதன்மையான நாடி ஒன்று முற்றாக மூடப்பட்டிருந்தும், அதனைச் சிறிதும் அறியாது பல்லாண்டு உழைத்து, வேறொரு நோயால் இறப்பவர் உளர். அதே நாடி அதே இடத்தில் அடைபட்ட அன்றே ஒரு பக்கம் செயலிழந்து, வாய் குழறி வீழ்பவரும் உளர். அடைப்பு ஒன்றாயிருக்க விளைவு வேறாவது எதனால் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாய்களை நாடி என்றும், இதயத்திற்கு அதனை மீட்டுக் கொணர்வனவற்றை நாளம் என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. இத்தகைய பொருள்களைத் தமிழிற் கூற இயலாது என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கின்றோம். மானிப்பாயில் மருத்துவக் கல்வி நடத்திய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலை 1872இல் தமிழில் வெளியிட்டுவிட்டார் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வது நன்று.

மூளைக்குச் செல்லும் முதன்மை நாடிகள் நான்கு. கழுத்தின் முன்புறத்தே, குரல்வளையின் இருமருங்கும், விரல் வைத்தால் துடிப்பவை சிரசு நாடிகள். இவை ஒவ்வொன்றும் குரல்வளை மேட்டின் மட்டத்தில் இரண்டாகக் கிளைக்கின்றன. மண்டையோட்டினுள் நுழைந்து மூளைக்குச் செல்வது அகச் சிரசு நாடி. முகம், நாக்கு, தாடை, உச்சந்தலைத் தோல் முதலியவற்றை ஊட்டுவது புறச் சிரசு நாடி. கழுத்தின் பின்புறத்தே, முள்ளென்புகளின் பக்கத் துளைகளினூடே மறைந்து மேலேறுபவை முள்ளந்தண்டு நாடிகள் இரண்டு. இவ்விரண்டும் மண்டையோட்டினுள் ஒன்றாகி அடித்தள நாடி எனப் பெயர் பெறும். மூளைக்குச் செல்லும் குருதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினை முன்புறத்து இரண்டும், எஞ்சியதைப் பின்புறத்து இரண்டும் சுமக்கின்றன. கொழுப்புப் படிந்து சுவர் தடித்து ஒடுங்குவது பெரும்பாலும் சிரசு நாடி கிளைக்கும் அந்தச் சந்தியிலேயே ஆகும்.

இந்நான்கும் தனித்தனியே மூளையின் நான்கு பகுதிகளுக்குச் சென்று முடிந்திருப்பின், ஒன்றன் அடைப்பு ஒரு பகுதியின் அழிவாகவே இருக்கும். அவை மூளையின் அடியில் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருக்கின்றன. இத்தொடுப்பின் தன்மையை மலைநாட்டுப் பாதைகளைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

நுவரெலியாவுக்கு ஏறும் பெரும் பாதைகள் இரண்டு. ஒன்று கண்டிப் பக்கமிருந்து கம்பளை, புசல்லாவை, தவலந்தென்ன, றம்பொடை வழியாக வருவது. மற்றையது அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக வருவது. இவ்விரண்டையும் இடையிலே குறுக்காகத் தொடுப்பது தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயா ஊடாகத் தலவாக்கலைக்குச் செல்லும் பாதை. சாதாரண நாட்களில் இக்குறுக்குப் பாதையிற் பெருவண்டிகள் மிகுதியாக ஓடுவதில்லை. பூண்டுலோயாவைச் சூழ்ந்த தோட்டங்களின் தேவைக்கு ஓடும் பஸ்களும் கொழுந்து ஏற்றும் லொறிகளுமே பெரும்பாலும் அதனை நிறைக்கும். ஆனால் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே மண் சரிந்து பாதை மூடப்பட்டதென்று கொள்வோம். தலவாக்கலைக் கடைத்தெருவுக்கு அரிசியும் மாவும் எவ்வழி வரும்? கண்டிப் பாதையால் ஏறித் தவலந்தென்னையிலே திரும்பிப் பூண்டுலோயா ஊடாகவே வரும். அன்றைக்கு இக்குறுக்குப் பாதையின் அகலமும் வளைவுகளும் பாலங்களின் வலிமையுமே தலவாக்கலை மக்கள் உண்பதையும் பட்டினி கிடப்பதையும் தீர்மானிக்கும்.

மூளையின் அடியிலும் நிலைமை இதுவே. அடித்தள நாடியின் கிளைகளை இருபுறத்து அகச் சிரசு நாடிகளோடு தொடுக்கும் குறு நாடிகள் இரண்டு உண்டு. அவை பின் தொடுக்கும் நாடிகள் எனப்படும். வலப்புற முன் மூளை நாடியையும் இடப்புறத்ததையும் தொடுப்பது சில மில்லிமீற்றர் நீளமே உள்ள முன் தொடுக்கும் நாடி. இவை யாவும் சேர்ந்து ஒரு வளையமாக அமைகின்றன. வலது சிரசு நாடி அடைபடின் இடது சிரசு நாடியின் குருதி முன் தொடுக்கும் நாடியினூடே வலப்புறம் கடக்கும். முள்ளந்தண்டு நாடிகளின் குருதி பின் தொடுக்கும் நாடியினூடே முன்னோக்கி வரும். அடைப்புக்கு அப்பாலுள்ள பகுதி, அடைப்பைத் தாண்டாமலே உணவு பெறும்.

இவ்வளையத்தின் பயனை முதன்முதலிற் தெளிவாக உணர்த்தியவர் ஒக்ஸ்போட்டில் வாழ்ந்த ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ் ஆவார். மூளையின் உடற்கூறு பற்றிய அவருடைய இலத்தீன் நூல் 1664இல் வெளிவந்தது. அதற்குப் படங்கள் வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் இலண்டன் சென் போல் பேராலயத்தை அமைத்த கிறிஸ்ரோபர் றென். வில்லிசுக்கு முன்னரும் இவ்வளையத்தைக் கண்டோர் இருந்தனர். எனினும் அது எதற்காக அங்கிருக்கின்றது என்று வினவியதே வில்லிசின் பெருமை. மை கலந்த நீரை ஒரு பக்கத்துச் சிரசு நாடியிற் செலுத்த, அது மறுபக்கத்து நாடிகளிலும் பரவக் கண்டார். இதனினும் அரியதொரு சான்று பிரேத ஆய்வொன்றில் அவருக்குக் கிட்டியது. வயிற்றில் வளர்ந்த கட்டியால் இறந்த ஒருவருடைய வலது சிரசு நாடி கல்லைப்போல இறுகி ஏறக்குறைய முற்றாக மூடியிருந்தது. வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்ததில்லை. அதே பக்கத்து முள்ளந்தண்டு நாடியோ மற்றப் பக்கத்ததைப் போல மூன்று மடங்கு பருத்திருந்தது. ஒரு வழி மூடியதும் மற்றொரு வழி தன்னைப் பெருக்கிக்கொண்டது என்பதற்கு இதனைவிடத் தெளிவான காட்சி வேறு வேண்டுவதில்லை.

வழி எவ்வாறு தன்னைப் பெருக்குகின்றது? நாம் கூறிய பாதை உவமை இவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. எத்தனை லொறி ஓடினாலும் பாதை தானே அகலமாவதில்லை. குழி விழுவதே கண்கூடு. உயிருள்ள நாடியோ பாய்ச்சல் மிகுந்தால் அகலும். 1785இல் இலண்டனை அடுத்த றிச்மன்ட் பூங்காவிலே அறுவை மருத்துவர் யோன் ஹன்ரர் கலைமான் ஒன்றன் ஒரு பக்கத்துப் புறச் சிரசு நாடியைக் கட்டிவிட்டார் என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. வளரும் பருவத்துக் கொம்பு குருதி நிறைந்து வெதுவெதுப்பாயிருக்கும். கட்டிய பக்கத்துக் கொம்பு உடனே குளிர்ந்தது. ஒரு வாரம் கடந்து ஹன்ரர் மீண்டும் தொட்டுப் பார்த்தபோது அது பழைய வெப்பத்தைப் பெற்றிருந்தது. கட்டு அவிழ்ந்துவிட்டதோ என ஐயுற்று விலங்கைக் கொன்று சோதித்தார். கட்டு அவிழவில்லை, கட்டுக்கு மேலும் கீழுமிருந்த சிறு கிளைகள் பருத்து ஒன்றோடொன்று கூடி வழி சமைத்திருந்தன. அவ்வாண்டின் டிசெம்பரிலேயே, முழங்காலின் பின்புறத்து நாடி வீங்கிய மனிதர் ஒருவருக்குத் தொடையில் நாடியைக் கட்டி, காலை வெட்டாமலே அவர் காப்பாற்றினார்.

ஹன்ரரின் மாணவரான அஸ்லி கூப்பர் இத்துணிவை மனிதனுடைய கழுத்துக்கே கொண்டு சென்றார். சிரசு நாடி வீங்கிய நோயாளி ஒருவரில் 1805இல் அவர் அந்நாடியைக் கட்டினார்; அந்நோயாளி பிழைக்கவில்லை. 1808இல் வேறொருவரில் மீண்டும் முயன்றார். அம்மனிதர் 1821 வரை, 13 ஆண்டுகள், ஒரு பக்கச் சிரசு நாடி இல்லாமலே வாழ்ந்தார்.

இவ்வகலுதலின் நுட்பம் இக்காலத்தில் ஓரளவு விளங்கியிருக்கின்றது. நாடியின் உட்சுவரிலே ஒற்றைப் படையாகப் பரந்த கலங்கள் உள. ஓடும் குருதி அவற்றின்மேல் உராய்ந்து செல்லும் விசையை அவை உணரவல்லன. அடைப்புக்கு அப்பால் அமுக்கம் குறையவே தொடுக்கும் நாடியிற் பாய்ச்சல் விரைவுறும், உராய்வு மிகும். உடனே சுவரிலுள்ள தசை தளர்ந்து குழாய் சிறிது விரியும். இது கணப்பொழுதில் நிகழ்வது. உராய்வு நீடிக்குமாயின் வெண்குருதிக் கலங்களுள் ஒருவகை அச்சுவரினுட் புகுந்து, பழைய சுவரைத் தளர்த்திப் புதிய தசைக் கலங்கள் பெருக வழி செய்யும். இவ்விரண்டாம் வேலை ஒரு கட்டட வேலை. அதற்கு நாட்களும் வாரங்களும் வேண்டும்.

குழாய் சிறிது விரிந்தால் என்ன பயன் என்று வினவலாம். பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களில் நிறுவிய விதி இதற்கு விடை தரும். ஒடுங்கிய குழாயொன்றிற் பாயும் திரவத்தின் அளவு அதன் ஆரையின் நான்காம் வலுவைப் பொறுத்தது. ஆரை இரு மடங்காயின் பாய்ச்சல் 16 மடங்காகும். ஆரை பாதியாயின் பாய்ச்சல் பதினாறில் ஒன்றாகும். எனவே அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள தொடுக்கும் நாடிக்கும் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ளதற்கும் இடையே உள்ள வேறுபாடு கண்ணுக்கு அற்பம். உயிருக்கு மிகப் பெரிது.

இங்கே பாடநூற் படங்களைப் பற்றி ஒரு சொல். அவற்றில் இவ்வளையம் அளவுகோல் கொண்டு வரைந்ததுபோல முழுமையாகவும் சமச்சீராகவும் காணப்படும். மாணவர் அதையே மனனஞ் செய்து தேர்வில் வரைகின்றனர். உண்மையில் அவ்வாறு முழுமையான வளையம் உடையோர் மாந்தரிற் பாதிப்பேருக்கும் குறைவு. ஒருவருக்குப் பின் தொடுக்கும் நாடி ஒன்று நூலிழைபோல மெலிந்திருக்கும்; மற்றொருவருக்கு அது இல்லாமலே இருக்கும்; வேறொருவருக்கு முன் மூளை நாடிகளுள் ஒன்று வளர்ச்சி குன்றியிருக்கும். இக்குறைகள் பிறவியிலேயே அமைபவை. நாடி அடைபடும் நாள்வரை அவற்றால் யாதொரு தொல்லையுமில்லை. ஆதலின் எவரும் அறிவதில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடையின் ஒரு பாதி இதுவே: இருவருக்கும் அடைப்பு ஒன்று, தொடுப்புப் பாதை வேறு.

மறு பாதி காலம். கொழுப்புப் படிவினால் நாடி ஒடுங்குவது ஆண்டுக் கணக்கில் நிகழ்வது. விட்டத்தில் நூற்றுக்கு 70 பங்கு அளவு ஒடுங்கும்வரை மேற்செல்லும் குருதி பெரிதும் குறைவதில்லை. முதலில் மூளையினுள்ளே உள்ள நுண் நாடிகள் தாமாக விரிந்து, குறைந்த அமுக்கத்திலும் வேண்டிய குருதியை இழுத்துக்கொள்ளும். அதற்குள் தொடுக்கும் நாடிகளின் கட்டட வேலையும் நடைபெற்றிருக்கும். இறுதியில் நாடி முற்றாக மூடும் நாளில் அதனைக் கவனிப்பாரே இல்லை. இதற்கு மாறாக, இதயத்தில் உறைந்த குருதிக்கட்டி ஒன்று பெயர்ந்து வந்து, அதுவரை நல்ல நிலையிலிருந்த நாடியைத் திடீரென அடைத்தால், பிறவியில் அமைந்த அகலமே அன்றைக்கு முதல், பெருக்கிக்கொள்ள வேளையில்லை.

வளையம் ஒன்றே மாற்று வழி என்று எண்ணற்க. கண்ணினூடாக ஒரு வழி உண்டு. அகச் சிரசு நாடி மண்டையோட்டினுள் நுழைந்ததும் கண்ணுக்கு ஒரு கிளையை அனுப்புகின்றது. கண்ணைச் சுற்றிய தோலிலே அக்கிளையின் நுனிகள் புறச் சிரசு நாடியின் நுனிகளோடு கலக்கின்றன. இயல்பான நிலையிற் குருதி உள்ளிருந்து வெளியே வரும். அகச் சிரசு நாடி கழுத்தில் அடைபட்டால் ஓட்டம் தலைகீழாகும்: முகத்தையும் நெற்றியையும் ஊட்டிய குருதி கண் குழியினூடே பின்வாங்கி மூளைக்குட் செல்லும். ஒலி அலைக் கருவியைக் கண்ணருகே வைத்து ஓட்டத்தின் திசையை அறிந்தே கழுத்தில் அடைப்பு உண்டென்று வைத்தியர் ஊகிக்க முடியும். பிடரித் தசைகளினூடேயும் புறச் சிரசு நாடிக்கும் முள்ளந்தண்டு நாடிக்கும் இத்தகைய தொடர்பு உண்டு.

இறுதி அரண் மூளையின் மேற்பரப்பில் உள்ளது. முன், நடு, பின் மூளை நாடிகளின் நுனிகள் மூளையைப் போர்த்த மெல்லிய சவ்விலே ஒன்றோடொன்று சந்திக்கின்றன. ஜெர்மனிய மருத்துவர் ஹொய்ப்னர் 1874இல் இவற்றைச் சாயம் செலுத்திக் காட்டினார். மயிரினும் சிறிது பெரிய இக்குழாய்கள் ஆளுக்காள் எண்ணிக்கையில் மிக வேறுபடுவன. முதுமையும், நீரிழிவும், நெடுநாட் குருதியமுக்கமும் இவற்றைத் தேய்த்துவிடுகின்றன.

ஓட்டம் திசை மாறுவது எப்போதும் நன்மையே என்பதற்கில்லை. இடது கைக்குச் செல்லும் நாடி, முள்ளந்தண்டு நாடி அதிலிருந்து கிளைக்கும் இடத்துக்கு முன்னரே அடைபட்டதெனக் கொள்வோம். கைக்குக் குருதி வேண்டும். அது வலது முள்ளந்தண்டு நாடியால் மேலேறி, மூளையின் வாயில்வரை சென்று, இடது முள்ளந்தண்டு நாடியால் கீழிறங்கிக் கைக்கு வந்து சேரும். மூளைக்குரியதைக் கை திருடுகின்றது. 1961இல் இந்நிகழ்ச்சி அமெரிக்காவிலிருந்து விளக்கப்பட்டபோது மருத்துவர் இட்ட பெயரிலும் திருட்டு என்னும் சொல்லே இடம்பெற்றது. பெரும்பாலோருக்கு இதனால் துன்பமில்லை. சிலருக்கு மட்டும், கை ஓய்வாயிருக்கையில் ஒன்றுமில்லாதிருந்து, விரைந்து உழைக்கும்போது தலை சுற்றும், கண் இருளும். இரு கையாலும் இடைவிடாது கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு வேலையின் நடுவே மாத்திரம் இவ்வாறு நேருமாயின், வெயில் என்றும் பசி என்றும் தள்ளிவிடாது இரு கைகளிலும் குருதியமுக்கத்தை அளந்து ஒப்பிடுதல் தகும். ஒரு கையில் அது பெரிதும் தாழ்ந்திருப்பதே இதன் எளிய அடையாளம். ஆசிய நாடுகளில் இளம் பெண்களை மிகுதியும் தாக்கும் நாடி அழற்சி நோய் ஒன்றிலும் இவ்வாறே மணிக்கட்டுத் துடிப்பு மங்கும் அல்லது மறையும். 1908இல் யப்பானியக் கண் மருத்துவர் தக்கயாசு, இளம் பெண்ணொருத்தியின் கண்ணின் உட்புறத்தே குருதிக் குழாய்கள் மாலைபோலப் பின்னிக் கிடக்கக் கண்டு அதனை விவரித்தார். அம்மாலையும், கழுத்து நாடிகள் ஒடுங்கியதனால் உடல் தேடிக்கொண்ட மாற்று வழிதான்.

இத்தனை அரண் இருந்தும் பாரிசவாதம் வருவது ஏன்? இரு காரணங்களைச் சொல்லலாம். வயல்நாட்டார் கடைமடை என்ற சொல்லை நன்கறிவர். வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல் எக்காலமும் நனையும். கடைமடை வயலுக்கு நீர் குறைந்த ஆண்டில் ஒன்றும் எட்டாது. மூளையிலும் முன் நாடியின் கடைமடையும் நடு நாடியின் கடைமடையும் சந்திக்கும் எல்லை நிலங்கள் உள. மாற்று வழியால் மட்டும் வாழும் மூளையில் இவ்விடங்கள் எப்போதும் விளிம்பிலேயே நிற்கின்றன. குருதியமுக்கம் திடீரெனத் தாழும்போது, மிகுந்த வயிற்றுப்போக்கிலோ, பெருங் குருதியிழப்பிலோ, அளவுக்கு மீறிய மாத்திரையிலோ, முதலில் வாடுவது இக்கடைமடையே.

மற்றைக் காரணம் இதனினும் பெருவாரியானது. ஒடுங்கிய இடத்துக் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேற் குருதி உறைந்து, அத்துணுக்குகள் பெயர்ந்து ஓட்டத்தோடு மேலேறி, வளையத்துக்கு அப்பாலுள்ள கிளை நாடிகளை அடைக்கும். கீழ்ப் பாதையில் மண் சரிவதற்கு மாற்று வழி உண்டு. சரிந்த பாறை உருண்டு சென்று ஊரின் ஒழுங்கைக்குள்ளேயே வீழ்ந்தால் குறுக்குப் பாதை என்ன செய்யும்? சிரசு நாடியால் விளையும் பாரிசவாதங்களிற் பெரும்பாலன இவ்வகையின.

ஆயினும் துணுக்குகள் சிறியனவாயின் கரைந்துவிடும், அறிகுறிகளும் மறையும். ஒரு கண் சில நிமிடம் திரை விழுந்தாற்போல இருண்டு தெளிதல். ஒரு கை மரத்துக் கோப்பை நழுவுதல். பேச வேண்டிய சொல் வாய்க்கு வராது சிறிது நேரம் திணறுதல். கனடாவைச் சேர்ந்த மில்லர் பிஷர் 1951இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, கழுத்து நாடி அடைபட்டோர் பலருக்கு முன்னறிவிப்பாக இத்தகைய கணநேரத் தாக்குதல்கள் வந்து போயின என்பதை எடுத்துக்காட்டினார். அதுவரை மருத்துவர் மூளையையே துருவி ஆராய்ந்தனரேயன்றிக் கழுத்தைத் திறந்து பார்த்தவர் அரியர். வலியில்லாமல் வந்து தானே மறையும் நோய்க்கு ஒரு நாட் சம்பளத்தை இழந்து மருத்துவமனைக்குச் செல்லத் தோட்டத்து உழைப்பாளிக்கு மனம் வருவதில்லை. படித்த உத்தியோகத்தருக்கும் வருவதில்லை. ஆனால் பெருந்தாக்குதல் வருமாயின் அது முதற் சில நாட்களிலேயே வருதல் மிகுதி. மறைந்துவிட்டது என்பது குணமாயிற்று என்பதன்று. தொடுப்பு வழிகள் ஒருமுறை காத்துவிட்டன அல்லது துணுக்கு ஒருமுறை கரைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

பிஷரின் கட்டுரைக்குப் பின் அறுவை மருத்துவர் கழுத்தின்மீது கண் வைத்தனர். 1954இல் இலண்டன் சென் மேரி மருத்துவமனையில் ஈஸ்ற்கொட், பிக்கறிங், றொப் ஆகிய மூவரும், 33 தடவை இத்தகைய கணநேரத் தாக்குதலுக்கு ஆளாகியிருந்த 66 வயதுப் பெண்மணியின் ஒடுங்கிய சிரசு நாடிப் பகுதியை அகற்றிச் செவ்வையான நுனிகளை இணைத்தனர். தாக்குதல்கள் நின்றன. தென்னாட்டிலும் அக்காலத்திலேதான், 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் யாக்கோபு சாண்டியும் 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும், நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கினர். நாடியைத் திறந்து படிவை வழித்தெடுக்கும் முறை பின்னர் பரவியது. அது யாருக்குப் பயன்படும் என்பதை 1991இல் வெளியான வட அமெரிக்கப் பேராய்வு தெளிவாக்கிற்று. முன்பே அறிகுறி தோன்றி, 70 முதல் 99 வரை நூற்று வீதம் ஒடுங்கியோருள், மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளுள் அப்பக்கத்துப் பாரிசவாதம் வந்தது. அறுவை பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கே வந்தது. முற்றாக மூடிவிட்ட நாடியைத் திறப்பதில் இப்பயன் இல்லை. அந்நிலையில் நோயாளி தம் மாற்று வழிகளையே நம்பி வாழ்கின்றார்.

அவ்வாறாயின் மாற்று வழியை நாமே அமைத்துக் கொடுக்கலாகாதா? 1967இல் சூரிச் நகரில் யசர்கில் என்னும் துருக்கிய அறுவை மருத்துவர், நெற்றிப்பொட்டின் தோல் நாடியை மண்டையோட்டின் துளை வழியே நுழைத்து மூளையின் மேற்பரப்பு நாடியோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்தார். அழகிய சிந்தனை, உலகெங்கும் பின்பற்றப்பட்டது. ஆனால் 1377 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1985இல் வெளிவந்த ஆய்வு, இவ்வறுவையால் பாரிசவாதம் குறையவில்லை எனக் காட்டியது. மிகத் தேவையுள்ளோரை மட்டும் தெரிந்தெடுத்துச் செய்த 2011ஆம் ஆண்டின் ஆய்வும் அதே முடிவைத் தந்தது. அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது நோயாளிக்குப் பொருந்த வேண்டுமென்பதில்லை என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. சிறுவயதிலேயே வளையத்தின் நாடிகள் மெல்ல மூடிக்கொள்ளும் மொயமொயா என்னும் நோயில் மட்டும் இவ்வறுவை இன்றும் கைகொடுக்கின்றது. படத்தில் அங்கு புதிதாய்க் கிளைத்த நுண் நாடிகள் புகைபோலக் காட்சியளித்தமையால் 1969இல் யப்பானியர் அதற்கு அப்பெயரை இட்டனர்.

இனி, திடீர்த் தாக்குதல் நிகழ்ந்த வேளையைக் கருதுவோம். நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் அளவு குருதி இயல்பாகச் செல்லும். அது 20க்குக் கீழே தாழ்ந்தால் நரம்புக் கலம் வேலையை நிறுத்தும். 10க்கும் கீழே தாழ்ந்தால் இறக்கும். அடைப்பின் நடுவிலுள்ள கலங்கள் சில நிமிடங்களில் இறந்துபட, அவற்றைச் சூழ்ந்த பெரும் பகுதி இவ்விரு எண்களுக்கும் இடையே, வேலையின்றி ஆயினும் உயிரோடு, காத்துக் கிடக்கின்றது. அதனை உயிரோடு வைத்திருப்பது மேற்பரப்புத் தொடுப்பு நாடிகளின் சிறு கசிவே. பெருநாடி அடைபட்ட ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடத்தில் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிவதாக 2006இல் கணிக்கப்பட்டது. இது சராசரி, நல்ல தொடுப்பு வழி உடையவருக்கு அழிவு மெல்ல நடக்கும், அற்றவருக்கு விரையும். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துள் ஏற்றுதல் வேண்டும். கட்டியைக் கம்பிவலையால் இழுத்தெடுக்கும் முறையைத் தெரிந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை செய்யலாம் என்று 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அச்சிலர், தொடுப்பு வழிகளால் மூளையின் பெரும் பகுதி இன்னும் பிழைத்திருக்கின்றது என்று படத்திற் கண்டறியப்பட்டவரே ஆவர்.

இதிலிருந்து வீட்டார் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பாரிசவாதம் கண்டவருக்குக் குருதியமுக்கம் உயர்ந்திருப்பது வழக்கம். அதைக் கண்டு அஞ்சி, வீட்டிலிருக்கும் அமுக்க மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிடுவோர் பலர். மெல்லிய தொடுப்பு நாடிகளினூடே குருதியைத் தள்ளுவது அவ்வுயர்ந்த அமுக்கமே. அதனைத் திடீரென வீழ்த்தினால் காத்துக் கிடக்கும் பகுதியும் இறக்கும். மருத்துவமனையிலும், மருந்து ஏற்றுவதற்குரிய எல்லையைத் தாண்டினாலன்றி, முதல் நாளில் அதனை அவசரமாகக் குறைக்க வைத்தியர் முற்படுவதில்லை. விழுங்கும் ஆற்றலும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடுமாதலின் மாத்திரையோ, நீரோ, தேநீரோ வாயிலிட்டால் மூச்சுக்குழலுட் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2019இல் நாடெங்கும் விரிந்த 1990 என்னும் அம்புலன்ஸ் சேவையை அழைப்பதும், நோயாளியைப் பக்கவாட்டிற் சாய்த்துக் கிடத்துவதும், அறிகுறி தோன்றிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வைப்பதும் வண்டி வரும்வரை செய்யத்தக்கவை. நாலரை மணி நேரம் எண்ணப்படுவது அந்த நேரத்திலிருந்தே. நோயாளி உறக்கத்திலிருந்து எழுந்தபோதே கை விழுந்திருந்தால், அவர் நலமாயிருக்கக் கடைசியாகக் கண்ட நேரத்திலிருந்து.